உதவிப் பக்கத்தின் முதல் வரி

சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு முப்பத்து நான்கு.

இந்தக் கதையில் யாருக்கும் தாடி கிடையாது. மலையடிவாரமும் ஆற்றங்கரையும் கிடையாது. கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அங்கே பள்ளிக்கூடங்களுக்கான மென்பொருள் தயாரிக்கும் ஒரு சின்ன நிறுவனம் இருந்தது. வருகைப் பதிவு, மார்க், டைம்டேபிள், எந்தப் பிள்ளை எந்த பஸ்ஸில் ஏற வேண்டும் என்பது, எல்லாம் அந்த மென்பொருளுக்குள் உண்டு.

சீடர் பெயர் அரங்கநாயகம். ஒரு தனியார் கல்லூரியில் தலை நரைக்கும்வரை வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். ஒரு கோடை விடுமுறையில் கல்லூரியை மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு வருஷம் வீட்டில் இருந்தார். காலையில் சட்டையை இன் செய்துகொண்டு கிளம்பி, வ.உ.சி. பூங்காவில் உட்கார்ந்துவிட்டு மதியம் திரும்புவார். மனைவி மரகதத்துக்கு இது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

குருவின் பெயர் சுகிர்தா. அந்த நிறுவனத்தில் உதவிப் பிரிவின் தலைவி. மென்பொருளை வாங்கிய பள்ளிகள் எங்காவது சிக்கிக்கொண்டால் கைகொடுப்பது அவள் பிரிவின் வேலை. கல்லூரியில் அவள் அரங்கநாயகத்தின் மாணவி. முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டாள். மேலதிகாரி நிற்கிறாளே என்று பிரிவில் இருந்த எல்லோரும் எழுந்தார்கள். அரங்கநாயகமும் பழக்கத்தில் "உக்காருங்க" என்று கையைக் காட்டினார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். அந்த அலுவலகத்தில் அவர் போட்ட ஒரே உத்தரவு அதுதான்.

சுகிர்தாவிடம் ஒரு வழக்கம் உண்டு. அரங்கநாயகம் எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்ல மாட்டாள். எதையாவது செய்யச் சொல்வாள், இல்லையென்றால் சும்மா இருப்பாள். பார்ப்பவர்களுக்கு அது பெரிய ஞானம் மாதிரித் தெரியும். உண்மையில் அது கூச்சம். தன் பரீட்சைப் பேப்பரைத் திருத்தியவர் எழுதியதில் சிவப்புக் கோடு போட எந்த மாணவிக்குக் கை வரும்? குருமார்களின் மௌனத்தில் பாதி இப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

வேலை இதுதான். மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லும் பழைய கையேடு ஒன்று இருந்தது. தலையணை அளவு. அதை யாரும் திறந்ததில்லை. திறக்காமல் நேராக போன் செய்தார்கள். மார்க் ஏற்றும் வாரங்களில் போன் ஓயாமல் அடித்தது. அதனால் புதிதாக ஓர் உதவி அமைப்பு உருவாக்கினார்கள். ஒவ்வொரு திரையின் மூலையிலும் ஒரு கேள்விக்குறி இருக்கும். அதை அமுக்கினால் அந்தத் திரைக்கான உதவிப் பக்கம் திறக்கும். அமைப்பு தயார். பக்கங்களை எழுத ஆள் வேண்டும். அதற்குத்தான் அரங்கநாயகம் வந்தார்.

நிறுவனத்தின் முதலாளி பிரதாபன் ஒளிவுமறைவு தெரியாத மனிதர். முதல் வாரமே சொல்லிவிட்டார். அரையாண்டுத் தேர்வு மார்க் ஏற்றும்போது போன் குறைந்திருந்தால் வேலை நிரந்தரம். குறையாவிட்டால் எழுதுகிற ஆள் தேவையில்லை, இன்னும் இரண்டு பேரை போனில் உட்காரவைத்துக்கொள்வேன் என்றார். அரங்கநாயகம் தலையாட்டினார். பூங்கா பெஞ்சு அவர் ஞாபகத்துக்கு வந்தது.

அவர் சோம்பல்படுகிற ஆளே இல்லை. இரண்டு நாளில் முதல் பக்கத்தை எழுதி முடித்தார். அது இப்படித் தொடங்கியது:

'மதிப்பெண் பதிவு எனப்படுவது, மாணாக்கர் தேர்வில் ஈட்டிய மதிப்பெண்களைக் கணினியில் உள்ளிடும் செயல்முறையாகும். இதன் நோக்கங்கள், வகைகள், பயன்கள் ஆகியவற்றை இனிக் காண்போம்.'

முன்னுரை இருந்தது. உட்தலைப்புகள் இருந்தன. முடிவுரையும் இருந்தது. பத்து மார்க் கேள்விக்கு அதை எழுதினால் பத்தும் விழும். ஒரு பிழை கிடையாது. வாழ்நாள் முழுக்க அப்படி எழுதச் சொல்லிக்கொடுத்தவர் வேறு எப்படி எழுதுவார்?

சுகிர்தா அதைத் திரையில் முழுக்கப் படித்தாள்.

"நல்லாருக்குங்க சார்."

அவ்வளவுதான். அந்த அமைப்பில் ஒவ்வொரு பக்கமும் முதலில் வரைவாக இருக்கும். தலைவி ஒரு பொத்தானை அமுக்கினால்தான் பள்ளிகளுக்கு வெளியாகும். சுகிர்தா அமுக்கவில்லை. அரங்கநாயகம் அதைக் கவனிக்கவும் இல்லை. அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

ஆகஸ்டில் அவருக்கே ஒரு நமைச்சல் வந்தது. பாராட்டு ரொம்ப நிதானமாக வருகிறதே என்று பட்டது. அவள் மேஜைக்குப் போய் நின்றார். அவள் எழுந்தாள். அவர் உட்காரச் சொன்னார்.

"என் எழுத்துல ஏதாவது குறை இருந்தா சொல்லுங்கம்மா."

சுகிர்தா கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"சார், பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிச்சுங்க. கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா? புக்கு அந்த டிராயர்ல இருக்குது."

அவர் போனார். டிராயரில் பிரிண்டரோடு வந்த கையேடு இருந்தது. முதல் பக்கம் அவரை வாழ்த்தியது. இரண்டாவது பக்கம் பிரிண்டரின் பாகங்களை வகைப்படுத்தியது. மூன்றாவது பக்கம் உயர்தரக் காகிதத்தின் நன்மைகளை எடுத்துச் சொன்னது. பின்னால் இரண்டு பேர் தாளுக்காகக் காத்து நின்றார்கள். அவருக்கு வியர்த்தது. கையேட்டை அலமாரி மேல் போட்டுவிட்டு, பின்பக்க மூடியைத் திறந்து, தாளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார்.

வெற்றியோடு திரும்பி வந்தார்.

"புக்குல எந்தப் பக்கத்துல போட்டிருந்துச்சுங்க சார்?"

"நான் படிக்கலைம்மா."

"சரிங்க சார்" என்றாள் சுகிர்தா.

அரங்கநாயகம் அன்று மாலை முழுவதும் யோசித்தார். அவள் என்னவோ சொல்ல வருகிறாள் என்பது புரிந்தது. பிரிண்டர் கையேட்டில் என்ன குறை என்று ஆராய்ந்தார். அதில் பொருளடக்கம் சரியில்லை என்று கண்டுபிடித்தார். மறுநாள் தன் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் பொருளடக்கம் சேர்த்தார். அடிக்குறிப்புகளும் சேர்த்தார்.

சுகிர்தா பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். தன் இருக்கைக்குப் போய் நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

காலாண்டுத் தேர்வு முடிந்து மார்க் ஏற்றும் வாரம் வந்தது. போன்கள் அலறின. பிரிவில் எல்லோரும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்கள், சுகிர்தா உட்பட. அரங்கநாயகம் திரும்பவும் போய் நின்றார். ஓர் உதவிப் பக்கத்துக்கு மிக முக்கியமானது எது என்று கேட்டார். இந்த முறை விடக்கூடாது என்ற தீர்மானத்தோடுதான் கேட்டார்.

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டாவது ஹெட்செட்டை அவரிடம் கொடுத்து, கேட்கலாம், ஆனால் பேசமுடியாது என்று சைகை காட்டினாள்.

தாராபுரத்தில் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பு ஆசிரியை பேசினார். பேசினார் என்று சொல்ல முடியாது. மூச்சு வாங்கியது. மூன்று நாள் உட்கார்ந்து ஏற்றிய மார்க் மொத்தமும் காணோம். வகுப்பைத் திறந்தால் ஒரு பெயர்கூட இல்லை. ஹெச்.எம். பக்கத்து அறையில் இருக்கிறார். மதியம் பெற்றோர் கூட்டம். தான் எதையோ அழித்துவிட்டதாக அவர் நினைத்தார். என்னவென்று தெரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மார்க் எல்லாம் பத்திரமா இருக்குதுங்க டீச்சர்" என்றாள் சுகிர்தா. "எதுவும் அழியலை. நான் லைன்லயேதான் இருக்கறேன்."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. பிறகுதான் அந்த ஆசிரியை திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லத் தொடங்கினார். வகுப்பின் பிரிவு 'டி' என்று மாறியிருந்தது. அந்தப் பள்ளியில் டி பிரிவே கிடையாது. 'ஏ' என்று மாற்றியதும் எல்லாப் பெயரும் வந்துவிட்டது. ஆசிரியை சிரித்தார். கொஞ்சம் அழுத மாதிரியும் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

அரங்கநாயகம் ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டார். திரையின் பெயர், பிரிவு இருக்கும் இடம், மாற்றும் முறை, எல்லாம் குறித்தார். அவள் முதலில் சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் குறிக்கவில்லை. அது ஆறுதல், தகவல் அல்ல என்று நினைத்தார். சாயங்காலத்துக்குள் 'பிரிவு வாரியாக வடிகட்டுதல்' என்று ஒரு பக்கம் தயாரானது. வடிகட்டுதல் எனப்படுவது என்ன, அது எத்தனை வகைப்படும் என்றெல்லாம் எழுதியிருந்தார். வேதியியல்காரர் ஆயிற்றே, வடிகட்டுவதைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது.

"நல்லாருக்குங்க சார்" என்றாள் சுகிர்தா. அவள் குரலில் தெம்பே இல்லை.

டிசம்பர் வந்தது. அரையாண்டு மார்க் ஏற்றுவதற்கு முன் புதிய அமைப்பைத் திறந்துவிட வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு பிரதாபன் எல்லாப் பக்கங்களையும் பார்ப்பதாக ஏற்பாடு. அரங்கநாயகம் காலையில் மரகதத்திடம், இந்த மாதக் கடைசியில் நிரந்தரமாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். மரகதம் அவர் டிபன் டப்பாவில் கேசரி வைத்திருந்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். தன் பக்கங்களை ஒரு தடவை பார்க்கலாம் என்று அமைப்பைத் திறந்தார். திரை வெள்ளையாக இருந்தது. நடுவில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'பக்கங்கள் எதுவும் இல்லை.'

மூடிவிட்டுத் திறந்தார். இல்லை. கணினியை அணைத்துப் போட்டார். இல்லை. ஜூலையிலிருந்து எழுதியது. வேறு எங்கும் நகல் இல்லை. சுற்றிலும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. கேட்கலாம் என்றால் வெட்கமாக இருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது? எதை அமுக்கினோம் என்றே நினைவில்லை.

மூலையில் கேள்விக்குறி தெரிந்தது. அமுக்கினார்.

அலுவலகக் கணினிகளில் வரைவுகளும் திறக்கும், அதனால் உதவிப் பக்கம் திறந்தது. 'பக்க மேலாண்மை எனப்படுவது, உருவாக்கப்பட்ட பக்கங்களை ஒழுங்குபடுத்திப் பேணும் செயல்முறையாகும். இதன் நோக்கங்கள்...'

முதல் வாக்கியத்தை மூன்று முறை படித்தார். கண் ஓடியது, மண்டையில் ஏறவில்லை. கீழே உருட்டினார். வகைகள் வந்தன. பயன்கள் வந்தன. பக்கத்தைக் காணோம் என்று தவிக்கிறவனுக்குப் பக்கத்தின் பயன்களைச் சொல்லிக்கொண்டிருந்தது. எவன்டா இதை எழுதினான் என்று மனதுக்குள் திட்டிவிட்டார். திட்டி முடித்த பிறகுதான் எழுதியவர் யார் என்பது உறைத்தது.

சரியாக அப்போது சுகிர்தா அந்தப் பக்கமாக வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். திரையை ஒரு தடவை பார்த்தாள்.

"எல்லாம் இருக்குதுங்க சார். ஒரு பக்கம்கூடப் போகலை."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். சுகிர்தா மவுஸைத் தொடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"இப்ப மேல வலது பக்கம் பாருங்க சார். 'வெளியானவை மட்டும்'னு ஒண்ணு டிக் ஆகியிருக்குதுங்களா?"

ஆகியிருந்தது. காலையில் அவரே போட்டதுதான். வெளியான பக்கங்கள் எவை என்று பார்க்க ஆசைப்பட்டு அதை அமுக்கியிருந்தார். அமுக்கிய கையோடு யாரோ டீ குடிக்கக் கூப்பிட, எழுந்து போய்விட்டார். இப்போது அந்த டிக்கை எடுத்தார். பக்கங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. முன்னுரைகளும் முடிவுரைகளும் அடிக்குறிப்புகளும் அப்படியே இருந்தன. அவர் வாய்விட்டுச் சிரித்தார். கண் கலங்கியிருந்ததைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை. உயிர் திரும்பிய மாதிரி இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் விஷயம் மெல்லப் புரிந்தது. வெளியானவற்றை மட்டும் காட்டு என்றால் ஒன்றும் இல்லை.

"ஒண்ணைக்கூட வெளியிடலையாம்மா?"

"இல்லீங்க சார்."

"ஏன்?"

சுகிர்தா தலையைக் குனிந்துகொண்டாள். ஐந்து மாதமாக அவள் பயந்துகொண்டிருந்த கேள்வி அது. பதிலுக்கு அவளும் ஒரு கேள்வி கேட்டாள்.

"இப்ப உதவிப் பக்கத்தத் திறந்தீங்களே, அதுல என்ன போட்டிருந்துச்சுங்க சார்?"

"நான் படிக்கலைம்மா."

இதே பதிலை பிரிண்டர் விஷயத்திலும் சொல்லியிருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்தது. சுகிர்தா எழுந்து தன் இடத்துக்குப் போனாள்.

நான்கு மணிக்கு பிரதாபன் வந்தார். பக்கங்கள் இன்னும் தயாரில்லை என்று அரங்கநாயகமே சொன்னார். அடுத்த வாரக் கடைசிக்குள் தருகிறேன் என்றார். பிரதாபன் முகம் மாறியது. ஐந்து மாதம் என்ன நடந்தது என்று கேட்டார். தாமதத்துக்குத் தான்தான் காரணம் என்று சுகிர்தா குறுக்கே வந்தாள். அது உண்மையும்கூட. சரி, ஆனால் ஒப்பந்தம் மாறாது, போன் குறையவேண்டும் என்று சொல்லிவிட்டு பிரதாபன் போனார்.

அரங்கநாயகம் முதலில் தாராபுரம் ஆசிரியைக்கான பக்கத்தை எடுத்தார். முன்னுரையை அழித்தார். வகைகளை அழித்தார். வடிகட்டுதலை அழிக்கும்போது மட்டும் கொஞ்சம் வலித்தது. பிறகு எழுதினார்: 'நீங்கள் ஏற்றிய மார்க் பத்திரமாக இருக்கிறது. எதுவும் அழியவில்லை.' அதன் கீழே, 'வகுப்பின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பிரிவைப் பாருங்கள்' என்று எழுதினார். இன்னும் இரண்டு வரி. பக்கம் முடிந்துவிட்டது.

அடுத்த பக்கத்துக்கும் அப்படி எழுதப் போனவர் நிறுத்தினார். அது, ஓர் ஆசிரியர் மாணவர் பெயரையே நீக்கிவிட்டால் என்ன செய்வது என்கிற பக்கம். அங்கே பத்திரமாக இருக்கிறது என்று எழுதலாமா? சுகிர்தாவிடம் போய்க் கேட்டார்.

"மனசு ஆறட்டும்னு பொய் எழுதலாமாம்மா?"

"ஜெகதீசன்கிட்டக் கேட்டுட்டு வாங்க சார்."

ஜெகதீசன் அந்த மென்பொருளை எழுதிய இளைஞன். அவனிடம் போனார். நீக்கிய பெயர் எங்கே போகிறது, எவ்வளவு நாள் இருக்கும், எப்படித் திரும்ப எடுப்பது என்று துருவினார். அந்த ஒரு பக்கத்தோடு விடவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் போனார். அவன் வாய்வார்த்தையை நம்பவில்லை. தன் கண்ணெதிரே அழித்துக் காட்டி, திரும்ப எடுத்துக் காட்டச் சொன்னார். பரிசோதனை செய்யாமல் முடிவு எழுதிப் பழக்கமில்லாதவர். ஜெகதீசன் இரண்டாம் நாள் அவரைப் பார்த்ததும் ஒளிய இடம் தேடினான்.

ஓரிடத்தில் மாட்டிக்கொண்டார்கள். பஸ் வழித்தடத்தை அழித்தால் திரும்ப வராது. வராது என்றுதான் எழுதவேண்டும் என்றார் அரங்கநாயகம். அதை நினைத்தாலே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. காலையில் பிள்ளைகள் தெருவில் நிற்கும்போது ஒரு கிளார்க் அதைப் படிப்பாரே என்றார். ஜெகதீசன் தலையைச் சொறிந்தான். மறுநாள் மதியம் அவனாகவே வந்து, இனிமேல் வருகிற மாதிரி மாற்றிவிட்டேன் சார், எழுதிக்கொள்ளுங்கள் என்றான். அரங்கநாயகம் அதையும் அழிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

மனசை ஆற்றவே முடியாத பக்கங்களும் சில இருந்தன. அங்கே இருப்பதை இருக்கிறபடி எழுதினார். 'இதைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் மற்ற வகுப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.' அப்படிப்பட்ட பக்கங்களில் சுகிர்தாவின் போன் எண்ணையும் கீழே சேர்த்தார்.

வாரக் கடைசியில் சுகிர்தா படிக்க உட்கார்ந்தாள். முதல் பக்கத்தைப் படித்தாள். இந்த முறை நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. பொத்தானை அமுக்கினாள். இரண்டாவது பக்கத்தைப் படித்தாள். அமுக்கினாள். பக்கத்தில் நின்ற அரங்கநாயகத்துக்கு, பரீட்சை முடிவைப் பலகையில் பார்க்கிற பையனின் நிலைமை. கடைசிப் பக்கத்தையும் அமுக்கிவிட்டு அவள் நாற்காலியில் சாய்ந்தாள். ஐந்து மாத பாரம் இறங்கியது அவள் தோளிலேயே தெரிந்தது.

அரையாண்டு மார்க் ஏற்றும் வாரம் வந்தது. பிரிவில் எல்லோரும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தயாராக உட்கார்ந்தார்கள். போன் அடித்தது. பேசினார்கள். பிறகு ரொம்ப நேரம் அடிக்கவில்லை. ஒரு பெண் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். தாராபுரம் அழைக்கவே இல்லை.

பதினொரு மணிக்கு பிரதாபன் தன் அறையிலிருந்து வெளியே வந்தார். லைன் போய்விட்டதா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அவர் நம்பவில்லை. அங்கேயே நின்று தன் செல்போனிலிருந்து உதவி எண்ணுக்கு அழைத்தார். சுகிர்தாவின் மேஜையில் மணி அடித்தது. அவள் எடுத்து, வணக்கம், சொல்லுங்க என்றாள். பிரதாபன் போனைக் காதில் வைத்தபடியே அவளைப் பார்த்தார். பிறகு அரங்கநாயகத்தைப் பார்த்தார்.

"திங்கட்கிழமை ஆர்டர் வாங்கிக்குங்க சார்."

அவர் அதையும் போனிலேயே சொன்னார். சுகிர்தாவின் ஹெட்செட்டிலும் அது கேட்டது.

அரங்கநாயகம் வராந்தாவுக்குப் போய் மரகதத்தை அழைத்தார். வேலை இருக்கிறது என்றுதான் முதலில் சொன்னார். மற்றதெல்லாம் அப்புறம் சொன்னார். மரகதம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, சாயங்காலம் வரும்போது கறிவேப்பிலை வாங்கி வாருங்கள் என்றாள். பூங்காவைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

மதியம் லிஃப்ட் ஓடவில்லை. குருவும் சீடரும் படி இறங்கிப் போய் எதிர்க்கடையில் டீ குடித்தார்கள். ரொம்ப நாள் கழித்து இருவரும் அவசரமில்லாமல் நின்றார்கள். அரங்கநாயகத்துக்கு ஒரு குறை மட்டும் மனதில் இருந்தது. கோபம் இல்லை, செல்லமான ஆதங்கம். அதைக் கேட்டுவிட்டார்.

"முதல் நாளே நேரா சொல்லியிருக்கலாமேம்மா. நான் என்ன தப்பா நெனைக்கப்போறனா?"

சுகிர்தா டீ கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினாள். புறங்கையைத் திருப்பிக் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"ஃபர்ஸ்ட் இயர் லேப்ல கையில ஆசிட் ஊத்திக்கிட்டேனுங்க சார். உங்களுக்கு நெனப்பிருக்குதுங்களா?"

அவருக்கு நினைவில்லை. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் ஊற்றிக்கொள்வதுதான்.

"எனக்குக் கத்தக்கூட வரலீங்க. நீங்கதான் ஓடி வந்து குழாயைத் திறந்து கையைப் புடிச்சு வெச்சீங்க. 'ஒண்ணும் ஆகாதும்மா, கை நல்லாருக்கு, தண்ணியிலயே வெச்சிரு'ன்னீங்க. அது என்ன ஆசிட், அது பட்டா என்ன பண்ணும்கறதெல்லாம் மறுநாள் கிளாஸ்லதான் சொன்னீங்க."

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"அதப் போயி உங்களுக்கு நான் எப்படிங்க சார் சொல்லிக் குடுக்கறது?"